குண்டே போடாமல் சுடணும்! ஷூட்டிங் ரேஞ்சில் முதல் பாடம் என்ன?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார். அதைப் பார்த்துவிட்டு, ‘நாமளும் ஒரு கை பார்க்கலாமே’ என்று ரைபிள் கிளப்பில் சேர நினைக்கிறீர்களா? முதல் நாளே டப் டப்புனு சுடலாம் என்று போனால் ஏமாற்றம்தான். அங்கே முதலில் சொல்லித் தருவது, சுடாமல் இருப்பது எப்படி என்பதைத்தான்!

லைசென்ஸ் வேணுமா?

2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அளவும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டும் 4.5 மி.மீ. தான். .22 போன்ற தோட்டா துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம்.

லைசென்ஸ் இல்லை என்பதால் இதைப் பொம்மைன்னு நினைச்சுடாதீங்க. ஏர் கன் பெல்லட் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

மறக்கக் கூடாத நான்கு விதிகள்

* கையில் எடுக்கும் எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினைக்கணும். ‘இப்பத்தான் செக் பண்ணேன்’ என்ற பேச்சே கூடாது.
* குழல் எப்போதும் டார்கெட் பக்கம்தான். யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புங்க. துப்பாக்கி திரும்பக் கூடாது.
* குறி பார்க்கும் வரை ட்ரிகரில் விரல் படக் கூடாது.
* ‘ஸ்டாப்’ என்ற குரல் கேட்டால், பாதி ட்ரிகர் அழுத்தியிருந்தாலும் நிறுத்தணும். சுடாத நேரத்தில் குழலுக்குள் ஆரஞ்சு நிற ‘சேஃப்டி ஃபிளாக்’ இருக்கணும்.

எதைப் பார்த்துச் சுடணும்?

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, டார்கெட்டையே உற்றுப் பார்ப்பது. பிஸ்டலில் கண் நிற்க வேண்டிய இடம், குழல் முனையில் இருக்கும் ஃப்ரன்ட் சைட். டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை.

காரணம் எளிய கணக்கு. பிஸ்டலின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. இருக்கும். இந்த இரண்டின் நேர்கோடு 1 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தள்ளி குண்டு சுமார் 3 செ.மீ. விலகிவிடும். 10 விழ வேண்டிய இடத்தில் 7 தான் விழும். சைட் நேராக இருந்து, கை மட்டும் 1 மி.மீ. ஆடினால், டார்கெட்டிலும் அதே 1 மி.மீ. தான். அதனால் கை நடுங்குதேன்னு கவலைப்பட வேணாம். சைட் கலையாமல் பார்த்துக்கிட்டாலே போதும்.

அந்தச் சைட்டைக் கலைப்பது பெரும்பாலும் நம் விரல்தான். ட்ரிகரை வெடுக்குனு இழுக்காமல், மெதுவாக, நேர் பின்னால் அழுத்தணும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு விநாடிக்குள் முடிக்கணும். முடியலையா? துப்பாக்கியை இறக்கி, மறுபடி ஆரம்பிங்க. சுட்ட பிறகும் ஓரிரு விநாடி அப்படியே நில்லுங்க.

வீட்டில் பழகலாமா?

குண்டு இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுவதற்கு ‘ட்ரை ஃபயரிங்’ என்று பெயர். சத்தமும் அதிர்வும் இல்லாததால், விரல் அழுத்தும்போது சைட் எப்படி அசைகிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். வெற்றுச் சுவரைப் பார்த்து தினம் 15 நிமிடம் போதும்.

பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் காலி என்று இரண்டு முறை பாருங்கள். குழந்தைகள் இருக்கும்போது வேண்டாம். ஸ்பிரிங் வகை ஏர் கன்னை இப்படி வெறுமனே இயக்கினால் பழுதாகிவிடும். ட்ரை ஃபயர் வசதி உள்ள போட்டித் துப்பாக்கியில் மட்டும் செய்யுங்கள்.

முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரியும்?

முதல் சில மாதங்கள் ஸ்கோரை மறந்துடுங்க. ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அது 6-ல் விழுந்தாலும் நல்ல செய்திதான். சைட்டில் இருக்கும் திருகைத் திருப்பினால் மொத்தமும் நடுவுக்கு வந்துவிடும். சிதறி விழும் குண்டுகளைத் திருகால் சேர்க்க முடியாது.

கடைசியாக ஒன்று: பெல்லட்டில் ஈயம் இருக்கும். ரேஞ்சை விட்டு வந்ததும் டீ கிளாஸைத் தொடுவதற்கு முன்னால், சோப்பு போட்டுக் கை கழுவுங்க.