பத்திரமாக எடுத்துவைத்த ஷூ உதிர்ந்துபோவது ஏன்?

போன மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். நான்கு வருடமாக டப்பாவில் பத்திரமாக இருந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார் அப்பா. அதை மொத்தமே நாலைந்து முறைதான் போட்டிருப்பார். மண்டபப் படியில் ஏறும்போது அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்து, கால் வழுக்கிவிட்டது. நல்லவேளை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். 'டூப்ளிகேட்டை விற்றுவிட்டார்கள்' என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தோம். விசாரித்தால் விஷயம் வேறு!

ஈரம்தான் எதிரி

எடை குறைந்த, மெத்தென்ற ஷூக்கள் பலவற்றின் சோல், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறு சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். இதற்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். வெயிலும் புழுக்கமும் கூடினால் வேகமும் கூடும். 'போடாவிட்டால் தேயாது' என்று நாம் நினைக்கிறோம். ஆனால், இது தேய்மானமே இல்லை. பீரோவுக்குள் இருந்தாலும் நடக்கும்.

ஸ்கேலில் ஒட்டிய ரப்பர்

பென்சில் பாக்ஸில் ரப்பர், பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டி உருகியதைப் பார்த்திருப்பீர்கள். பல ரப்பர்கள் உண்மையில் பி.வி.சி. பிளாஸ்டிக்தான். கடினமான பி.வி.சி-யை மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். அது மெதுவாக வெளியேறி, பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கை இளக்கும். ரப்பரைச் சுற்றியிருக்கும் அட்டை உறையைக் கழற்றாதீர்கள்!

அந்த ரசாயனம் குறையக் குறைய, பி.வி.சி. விறைத்து வெடிக்கும். மேஜை விரிப்பு, ஃப்ரிட்ஜ் கதவைச் சுற்றியுள்ள பட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பட்டை விறைத்தால் குளிர்ச்சி கசிந்து, கரன்ட் பில் ஏறும்.

என்ன செய்யலாம்?

* ஷூ வாங்கும்போது டப்பாவில் தயாரிப்பு மாதம், வருடம் பாருங்கள். பாதி விலையில் கிடைக்கும் பழைய ஸ்டாக், ஏற்கெனவே பாதி ஆயுளை முடித்திருக்கலாம்.
* ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். காற்றோட்டமான, வெயில் படாத இடமே நல்லது.
* ரொம்ப நாள் கழித்துப் போடும் ஷூவை, முதலில் கையால் வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் போடவே வேண்டாம். வயதானவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.
* ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால், பட்டையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அப்பா இப்போது புது ஷூவை ஆபீஸுக்கே போட்டுக்கொண்டு போகிறார். 'நல்ல நாளுக்குன்னு எடுத்துவைக்கிறதெல்லாம் பட்டுப்புடவையோட நிக்கட்டும்' என்பது அம்மாவின் தீர்ப்பு!