வேகக் கணக்கில்லாத சவாரி

2020ஆம் ஆண்டில் பொதுமுடக்கம் தளர்ந்தபோது, நாட்டின் பல நகரங்களில் சைக்கிள் கடைகளில் கேட்ட வண்டி கிடைக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடிக் கிடந்தன. பேருந்தில் ஏறவும் அச்சம். பள்ளிப் பருவத்தோடு மிதிவண்டியை மறந்தவர்களும் மீண்டும் மிதிக்கத் தொடங்கினர். அன்று ஆசையோடு வாங்கிய வண்டிகளுள் பல, இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடத்தில் காற்றிறங்கி நிற்கின்றன. நேரமில்லை, சாலை சரியில்லை என்று காரணம் கூறுவோர் பலர். நாம் கவனித்தவரை, வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றுண்டு: பிறரோடு ஒப்பிட்டுக்கொள்ளும் பழக்கம்.

2009இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா போன்ற செயலிகள், ஒரே சாலையில் சென்ற அனைவரையும் நேரத்தின்படி வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலைக்கு விடியலில் ஏறுபவர், உச்சியில் பனிமூட்டத்தைப் பார்ப்பதற்கு முன் அலைபேசியைப் பார்க்கிறார். பட்டியலின் முதலிடத்தில் இருப்பவர் நாள்தோறும் பயிற்சி செய்யும் இளம் பந்தய வீரராக இருக்கலாம். அதைப் பட்டியல் சொல்வதில்லை.

நம் வாடிக்கையாளர் ஒருவர், ஐம்பதை நெருங்குபவர், இவ்வாறே வாரந்தோறும் தொலைவைக் கூட்டிக்கொண்டே போனார். முழங்கால் வலித்தது, உறக்கம் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கினாலே மாதக் கடைசிக் கணக்கு முடிப்பதைப் போன்ற கலக்கம் வந்துவிடும் என்றார். ஆண்டிறுதி இலக்குகளோடு மல்லுக்கட்டும் வங்கியாளர்களாகிய நமக்கு அந்தக் கலக்கம் நன்கு தெரியும். விடுமுறை நாளிலும் அது தேவையா என்றுதான் தோன்றியது. இரண்டு மாதம் வண்டியைத் தொடாமல் இருந்தவர், பின்னர் கைப்பிடியில் இருந்த வேகமானியைக் கழற்றி வைத்துவிட்டு, மகளோடு ஊர்ப்புறச் சிற்றுண்டிக் கடைவரை போய்வரத் தொடங்கினார். இப்போதும் போகிறார்.

இதைச் சோம்பலுக்குச் சாக்கு என்று எண்ணுவோர், நெடுந்தொலைவுச் சவாரிக்காரர்களைப் பார்க்க வேண்டும். ‘பிரெவே’ எனப்படும் சவாரிகள் பிரான்சு நாட்டு விதிமுறைப்படி இந்திய நகரங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும், 300ஐ 20 மணி நேரத்திலும், 400ஐ 27 மணி நேரத்திலும், 600ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். இவற்றில் முதலிடமும் இல்லை, கடைசி இடமும் இல்லை. ஒன்பது மணி நேரத்தில் முடித்தவருக்கும், கெடுவுக்குச் சில நிமிடங்களே இருக்கையில் வந்து சேர்ந்தவருக்கும் ஒரே மதிப்புதான். மேலும் ஒரு சுவையான விதி உண்டு: வழியிலுள்ள சோதனைச் சாவடிகள் திறக்கும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்னரே விரைந்து வந்தவர் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும்! 1891இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்கூட, இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் கடக்கும், தரவரிசையற்ற சவாரியாகவே நடைபெறுகிறது. இத்தனை தொலைவு செல்பவர்களே தரவரிசையை வேண்டாமென ஒதுக்கியிருக்கும்போது, பத்துக் கிலோமீட்டர் போய் வரும் நமக்கு அது எதற்கு?

செயலியை அறவே நீக்க வேண்டும் என்பதில்லை. சவாரிப் பதிவுகளைத் தமக்கு மட்டும் தெரியுமாறு அமைத்துக்கொள்ளும் வசதி அதிலேயே இருக்கிறது. குழுவாகச் செல்கையில், மெதுவாக மிதிப்பவரை முன்னே விட்டு மற்றவர்கள் பின்தொடரலாம். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகமே பெரும்பாலான நாள்களுக்குப் போதும். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடச் சில நாள்களாகக் கூடுதலாக இருந்து, உறக்கமும் குறைந்து, எதற்கெடுத்தாலும் எரிச்சலும் வருமானால், உடல் ஓய்வு கேட்கிறது என்று கொள்ளலாம். அந்த வாரம் வண்டியை எடுக்காவிட்டால் இழப்பொன்றுமில்லை. ஓய்வுக்குப் பின்னும் அந்நிலை மாறாவிட்டால் மருத்துவரைக் காண்பது நல்லது.

நெடுநாள் நின்ற வண்டியென்றால், டயரில் வெடிப்பு உள்ளதா, பிரேக் கட்டை தேய்ந்துள்ளதா எனப் பார்த்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, காற்று நிரப்பிக்கொள்ள வேண்டும். முதல் நாள் அருகிலுள்ள தேநீர்க் கடைவரை போனாலே போதும்.