கூறைச்சேலையின் கொய்யகமும் கணினியின் கணக்கும்

யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் மணமகள் கூறை மாற்றிக்கொண்டு மணவறைக்கு வரும்போது, சேலையின் கொய்யகம் குலையாமல் நிமிர்ந்து நிற்கும். மெல்லிய நூற்சேலையில் அந்த விறைப்பு வராது. பட்டும் சரிகையும் சேர்ந்து நெய்த தடிப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம். இதே சேலையை அனிமேஷன் படமொன்றில் அசைய வைக்க முனைந்தால், அந்தத் தடிப்பே பெரிய சிக்கலாகிவிடுகிறது. கணினி பெரும்பாலும் துணியைத் தடிப்பே இல்லாத ஒரு பரப்பாகத்தான் கணக்கிடுகிறது.

மீள்தன்மைப் பௌதிகத்தைக் கணினி வரைகலைக்குள் 1987இல் கொண்டுவந்தவர்கள் டெமெட்ரி டெர்சோபூலொஸும் அவருடைய குழுவினரும். 1995இல் சேவியர் ப்ரோவோ துணியைப் புள்ளிகளின் வலையாகக் கண்டார். புள்ளிகளை மூன்று வகைச் சுருள்விற்கள் இணைக்கின்றன: ஒன்று இழுபடுவதைத் தடுக்கும், இன்னொன்று கோணுவதைத் தடுக்கும், மூன்றாவது வளைவதைத் தடுக்கும். விறைப்பான விற்களைக் கணக்கிட நேரத்தை மிகச் சிறிய துண்டுகளாக்க வேண்டியிருந்தது. இல்லையேல் துணி வெடித்துச் சிதறுவதுபோல் கணக்கு குழம்பும். 1998இல் பராஃபும் விட்கினும் தந்த முறையால் பெரிய நேரத்துண்டுகளிலும் கணக்கு நிலைத்தது.

இனித் தடிப்புக்கு வருவோம். ஒரே திண்மமான தகட்டின் தடிப்பு இரண்டு மடங்கானால், அதை வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும்; வளைவு விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கில் வளர்கிறது. அதே தடிப்பை ஒட்டாத இரண்டு படைகளாக வைத்தால் இரண்டு மடங்கு விசையே போதும். கொப்பியொன்றை வளைக்கும்போது தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது இலகுவாக வளைகிறது. நெய்த துணியில் இழைகள் ஓரளவு வழுக்கும், ஓரளவு பற்றிப் பிடிக்கும். ஆகவே தடிப்பை மட்டும் அறிந்து விறைப்பைச் சொல்லிவிட முடியாது.

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் தடிப்பைக் காட்ட ஒரு வழி உண்டு. முதலில் தடிப்பற்ற ஒற்றைப் பரப்பை அசைய விட்டு, அசைவு முடிந்த பிறகே அதற்குத் தடிப்பை ஏற்ற வேண்டும். வரிசையை மாற்றினால் மென்பொருள் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே கணக்கிடப் போய், இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவக்கூடும். மடிப்புகள் உரசும்போது விடவேண்டிய இடைவெளியையும் பின்னர் ஏற்றப்போகும் தடிப்புக்கு ஏற்பவே கொடுக்க வேண்டும். கூறையின் முகப்பில் சரிகைப் பூ மின்னும். பின்புறத்தில் பெரும்பாலும் இழைகள் குறுக்கே ஓடும். பரப்பின் எந்தப் பக்கம் பார்வையாளரை நோக்குகிறது என்பதை மென்பொருள் அறியும் என்பதால், இரு பக்கத்துக்கும் வேறு வேறு நிறமும் மினுக்கமும் கொடுக்கலாம். சரிகை நெருக்கமான கரைக்குக் கூடிய விறைப்பும், ஐதான உடலுக்குக் குறைந்த விறைப்பும் கொடுக்கலாம்.

அந்த விறைப்பின் அளவை எங்கிருந்து பெறுவது? பிளெண்டரில் ஆயத்தமாக இருப்பவை பருத்தி, டெனிம், தோல், றப்பர், பட்டு ஆகியவற்றின் அளவுகள். அங்குள்ள பட்டு மெல்லிய, வழிந்தோடும் பட்டு. அந்த அளவில் கூறையை உடுத்தினால் கொய்யகம் துவண்டு விழும்.

சரியான அளவைப் பெறும் வழியை எஃப். டி. பியர்ஸ் 1930இலேயே காட்டிவிட்டார். துணிக் கீலம் ஒன்றை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ள வேண்டும். விளிம்பையும் தொங்கும் நுனியையும் இணைக்கும் கோடு கிடையிலிருந்து 41.5 பாகை சரியும்போது, வெளியே நிற்கும் நீளத்தில் பாதியை எடுக்க வேண்டும். அதன் மூன்றாம் அடுக்கை ஓரலகுப் பரப்பின் நிறையால் பெருக்கினால் வளைவு விறைப்பு கிடைக்கும். பாவு வழியும் ஊடை வழியும், முகப்பு மேலாகவும் பின்புறம் மேலாகவும் அளக்க வேண்டும். இரு பக்கத் துணியின் குணம் அப்போதுதான் முழுமையாகத் தெரியும்.

இதற்கு அடிமட்டம், பாகைமானி, நுண்ணிய தராசு போதும். உயர்தர வகுப்பு மாணவர் பள்ளி ஆய்வுகூடத்திலேயே செய்யக்கூடிய பரிசோதனை இது. நம் உடுப்புகள் திரையில் நம் உடுப்புகளாகவே அசைய வேண்டுமானால், அந்த எண்களை அளந்து கொடுக்க வேண்டியவர்கள் அவற்றை உடுத்துபவர்களாகிய நாம்தான்.