கடற்கொள்ளையன் கப்பல் உங்கள் கம்ப்யூட்டரில் மிதக்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது "இந்த கேம் என் சிஸ்டத்தில் ஓடுமா?" என்பதுதான். அண்மையில் ஒரே கேம் குறித்து இரண்டு ஊர்களிலிருந்து பேச்சு வந்தது. திண்டிவனத்தில் அண்ணன் வீட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் கப்பல் அலைகளைக் கிழித்துக்கொண்டு போகிறது. விழுப்புரத்தில் அக்கா வீட்டில் உள்ள புதிய கம்ப்யூட்டரில் அதே கப்பல் விட்டு விட்டு நகர்கிறது. "மாமா, கேம் பழசு, கம்ப்யூட்டர் புதுசு. அப்புறம் ஏன் ஓடல?" என்று அக்கா மகன் கேட்டான். கடையில் ராம் கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டார்களாம். அக்கா பணத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார்.

கேமின் பெயர் அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் பிளாக். யூபிசாப்ட் நிறுவனம் 2013ல் வெளியிட்டது. 1715ல் தொடங்கி, கரீபியன் கடலில் நடக்கும் கதை. எட்வர்ட் கென்வே என்ற கற்பனைக் கேப்டனின் கப்பல் ஜாக்டா. இது காக்கை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவையின் பெயர். கேமில் வரும் பிளாக்பியர்ட், ஆன் போனி போன்றவர்கள் உண்மையில் வாழ்ந்த கொள்ளையர்கள். கென்வேயும் அவர் கப்பலும் கற்பனை. மற்ற கப்பல்களைத் தாக்கி மரம், உலோகம், துணி ஆகியவற்றைப் பறித்து, அவற்றைக் கொண்டு ஜாக்டாவின் அடிப்பகுதியையும் பீரங்கிகளையும் பலப்படுத்த வேண்டும். என்னைக் கேட்டால் இந்த கேமின் ஹீரோ கேப்டன் அல்ல, கப்பல்தான்.

இந்தக் கப்பல் எப்படி மிதக்கிறது? மரக்காணம் கடற்கரையில் படகு கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அலை வரும்போது முன்பக்கம் தூக்கும், பின்பக்கம் தாழும். அடுத்த நொடி இது தலைகீழாகும். கேமில் இதைக் கணக்காகப் போட வேண்டும். பெரிய அலை, சிறிய அலை எனப் பலவற்றைக் கூட்டிக் கடல் பரப்பு உருவாக்கப்படுகிறது. கப்பலின் அடியில் சில புள்ளிகளில் நீர் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று பார்த்து, அதற்கேற்பக் கப்பல் சாய்க்கப்படுகிறது. இந்தக் கணக்கில் பெரும்பகுதி பிராசசரின் வேலை.

அடுத்தது வரைவது. கப்பல் என நாம் பார்ப்பது ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்கள். அவற்றின் மேல் பலகை, கயிறு, பாய்த்துணி ஆகியவற்றின் படங்கள் ஒட்டப்படுகின்றன. பின்னர் நிழல், நீரில் தெரியும் பிம்பம், மூடுபனி எல்லாம் சேர வேண்டும். இவ்வளவையும் ஒரு வினாடிக்கு 30 முறையாவது புதிதாக வரைந்தால்தான் கண்ணுக்கு ஓட்டம் தெரியும். 12 முறைதான் வரைய முடிகிறது என்றால் கப்பல் தத்தித் தத்திப் போகும். இது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. விழுப்புரத்தில் கோளாறு இங்கேதான்.

கேம் வெளியானபோது கேட்ட ராம் குறைந்தபட்சம் 2 ஜி.பி., பரிந்துரை 4 ஜி.பி. அக்கா வீட்டில் 8 ஜி.பி. இருக்கிறது. ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பிராசசருடன் சேர்ந்தே வரும் எளிய கிராபிக்ஸ்தான். அதற்கெனச் சொந்தமாக மெமரி கிடையாது, ராமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். அண்ணன் மகனுடைய பழைய பெட்டியில் 2 ஜி.பி. மெமரியுடன் ஒரு கார்டு உள்ளது. ஒரே ஒரு ராம் ஸ்டிக் உள்ள சிஸ்டத்தில் இன்னொன்றைப் போட்டால் ஓரளவு வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் தனி கார்டு தரும் வேகம் அதில் வராது.

உங்கள் சிஸ்டத்தில் என்ன உள்ளது என்பதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். கிடைக்கும் சிறிய கட்டத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துக்களை இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டவும். முதல் டேபில் பிராசசரும் ராமும் காட்டப்படும். டிஸ்பிளே டேபில் கிளிக் செய்தால் கிராபிக்ஸ் சிப்பின் பெயரும் அதன் மெமரியும் கிடைக்கும். இந்த விவரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, கேமின் பக்கத்தில் தரப்பட்டுள்ள தேவைகளுடன் ஒப்பிடவும். ஹார்ட் டிஸ்க்கில் 30 ஜி.பி. இடமும் தேவை.

கார்டு வாங்குவதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று. கேமின் ஆப்ஷன்ஸ் பிரிவில் ரெசல்யூஷனை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்திடுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைந்துவிடும். ஷேடோ, ரிப்ளெக்ஷன் இரண்டையும் குறைத்து, வால்யுமெட்ரிக் பாக், ஆன்டி அலியாசிங் ஆகியவற்றை ஆப் செய்திடவும். டெக்ஸ்சரைக் கடைசியாகத் தொடுங்கள்; அதைக் குறைத்தால் பாய்த்துணி சாயம்போன வேட்டி போலத் தெரியும். அக்கா மகனுக்குப் போனிலேயே இவற்றைச் சொன்னேன். மூடுபனி போனது, கப்பல் ஓடுகிறது. ராமுக்கான பணம் பீரோவிலேயே இருக்கிறது.

அப்படியும் கார்டுதான் வேண்டும் என்றால், கேபினெட்டுக்குள் இடம் உள்ளதா, மதர்போர்டில் அதற்கான ஸ்லாட் உள்ளதா, எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ் என்பதைப் பார்த்த பிறகே கடைக்குச் செல்லவும். விலை குறைந்த பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ்.தான் முதலில் கைவிடும். லேப்டாப் என்றால் கார்டு மாற்றும் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. நண்பர்கள் பென் டிரைவில் "கிராக்" செய்த காப்பி தருவார்கள். இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். பாங்க் பாஸ்வேர்டு இருக்கும் கம்ப்யூட்டருக்குள் நிஜமான கொள்ளைக் கப்பல் நுழைவது அந்த வழியாகத்தான். இதே கேமை 2017 டிசம்பரில் யூபிசாப்ட் சில நாட்களுக்கு இலவசமாகவே வழங்கியது. இப்போதும் பழைய கேம்களுக்குப் பெரிய தள்ளுபடி வருவதுண்டு, சற்றுக் காத்திருந்தால் போதும்.