ஈரத்தில் காயும் பேனா

ஜப்பானில் பேனாவுக்கு உருஷி என்னும் மரப்பாலைப் பூசுகிறவர், பூசி முடித்ததும் அதைக் காய வைக்க வெயிலையோ காற்றையோ தேடுவதில்லை. ஈரத்தைத் தேடுகிறார். பட்டறையின் ஒரு மூலையில் 'முரோ' என்னும் மர அலமாரி இருக்கும். அதன் உட்பலகைகளை ஈரத்துணியால் துடைத்து நனைத்துவிட்டு, பேனாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார். உள்ளே வெப்பம் 20 முதல் 25 டிகிரி; காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம். அடைமழை நாளில் கொடியில் போட்ட துணி காயாமல் நாறுமே, ஏறத்தாழ அந்தக் காற்று. அதில்தான் உருஷி கெட்டிப்படுகிறது. வறண்ட அறையில் வைத்தால் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும்.

இந்தத் தலைகீழ் விதி பிடிபட்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு பேனாவுக்கு ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விலை ஏன் லட்சத்தைத் தாண்டுகிறது, சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியோடு மூடியின் விளிம்பில் எதைத் தேடுகிறார்கள் என்பதற்கெல்லாம் பதில் அந்த அலமாரிக்குள் இருக்கிறது. மேலே மின்னும் தங்கத்துக்குத்தான் இத்தனை விலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தங்கத்தின் பங்கு அதில் சிறியது. பெரும்பங்கு, அவசரப்படுத்த முடியாத ஒரு மரப்பாலுக்கும் அதற்காகப் பொறுமையோடு காத்திருக்கும் கைகளுக்கும் போகிறது.

உருஷி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மூர் வளையலுக்கும் முத்திரைக்கும் பயன்படும் அரக்கு வேறு. அது ஒரு பூச்சி சுரக்கும் பிசின். சூட்டில் இளகும், ஆல்கஹாலில் கரையும். கெட்டிப்பட்ட உருஷி இரண்டுக்கும் அசையாது. வடித்த பாலில் 60 சதவீதத்துக்கும் மேல் உருஷியால் என்னும் எண்ணெய்ப் பொருள், ஏறத்தாழ கால் பங்கு தண்ணீர், கொஞ்சம் கோந்து. இவற்றோடு மிக மிகச் சிறிய அளவில் லாக்கேஸ் என்னும் நொதி. வேலை முழுவதும் அந்தத் துளி நொதியுடையது.

1883-இல் யோஷிதா ஹிகோரொகுரோ என்ற ஜப்பானிய வேதியியலாளர்தான் இதை முதலில் கவனித்தார். பாலைச் சூடாக்கினால் அது கெட்டிப்படும் தன்மையை இழப்பதைக் கண்டு, உள்ளே ஏதோ ஒரு நொதி இருக்க வேண்டும் என்று எழுதினார். பின்னர் பிரான்சின் கேப்ரியல் பெர்ட்ராண்ட் அதற்கு லாக்கேஸ் என்று பெயரிட்டார். உருஷியாலின் மூலக்கூறு அமைப்பை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஜிமா ரிகோ துலக்கினார். லாக்கேஸின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு செம்பு அணுக்கள் உண்டு. உருஷியாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்குவது அவற்றின் வேலை. பறிகொடுத்த உருஷியால் மூலக்கூறுகள் சும்மா இருக்க முடியாமல் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பற்றிப் பற்றி, மூன்று திசையிலும் பின்னிய வலையாகிவிடுகின்றன. நொதிக்குத் தண்ணீர் வேண்டும், மிதமான சூடு வேண்டும். முரோ அலமாரி தருவது இவ்விரண்டையும்தான்.

அதோடு முடியவில்லை. உருஷியாலுக்கு 15 கார்பன் நீளமுள்ள ஒரு வால் உண்டு. மேல்தளம் கெட்டியான பிறகும் இந்த வால்கள் காற்றின் ஆக்சிஜனால் மெல்ல மெல்லப் பிணைந்துகொண்டே இருக்கும். பேனா கடையிலிருந்து உங்கள் மேசைக்கு வந்த பிறகும் அதன் பூச்சில் வேதிவினை நடந்துகொண்டிருக்கிறது. புதிய பேனாவின் மூடியைத் திறக்கும்போது வரும் லேசான புளித்த வாடை அதற்குச் சாட்சி. முழுதும் பிணைந்த உருஷியை அமிலமோ காரமோ கரைப்பானோ எளிதில் தொட முடியாது. அதன் முக்கிய எதிரி வெயிலின் புற ஊதாக் கதிர்.

கெட்டிப்படாத உருஷி தோலில் பட்டால் கொப்பளிக்கும், அரிக்கும், தடிக்கும். இது நமக்குத் தெரியாத விஷயமல்ல. ஒரு காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேராங்கொட்டையின் பால் தோலைப் புண்ணாக்குவதும், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் ஓட்டு எண்ணெயால் வெந்து கறுப்பதும் இதே குடும்பத்து வேதிப்பொருள்களின் கைவரிசை. அந்த முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து ஜப்பானில் 'கஷ்யூ' என்னும் பூச்சும் தயாராகிறது. பார்வைக்கு உருஷியைப் போலவே இருக்கும், விரைவில் காயும், விலையும் குறைவு. அது மட்டமான பொருள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உருஷி என்று சொல்லிக் கஷ்யூவை விற்றால், வாங்குகிறவர் ஏமாற்றப்படுகிறார். வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

சரி, மரப்பால் பேனாவுக்கு எப்படி வந்தது? காரணம் அலங்காரம் அல்ல. பேனாவின் உடலாக இருந்த எபோனைட் என்னும் பொருளுக்கு இருந்த ஒரு நோய். ரப்பரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் கலந்து சூடாக்கினால் கிடைக்கும் கெட்டியான கருப்புப் பொருள் எபோனைட். கடைசலுக்கு இணங்கும், கைக்குச் சில்லென்று இருக்காது, மையின் அமிலத்தைத் தாங்கும். நம்மிடமும் எபோனைட் பேனா மரபு உண்டு. திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் எபோனைட் தண்டிலிருந்து கையால் கடைந்து எடுக்கப்படுகின்றன. ஆனால் வெளிச்சமும் ஈரமும் பட்டால் எபோனைட்டின் மேல்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கருப்பு வெளிறிப் பழுப்பாகிவிடும். தாத்தாவின் பழைய பேனாவை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தவர்கள் அந்த நிறத்தைப் பார்த்திருப்பார்கள்.

தோக்கியோவின் வணிகக் கப்பல் பள்ளியில் ஆசிரியராக இருந்த நமிகி ரியோசுகே, தம் நண்பர் வதா மசாவோவோடு சேர்ந்து 1918-இல் ஒரு பேனா நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் பைலட் என்று உலகம் அறிந்த நிறுவனம் அதுதான். எபோனைட் வெளிறுவதைத் தடுக்க, அதன்மேல் உருஷியை ஏற்றும் முறைக்கு அந்த நிறுவனம் 1925-இல் காப்புரிமை பெற்றது. உருஷி எபோனைட்டை விடாமல் கவ்விக்கொண்டது. பாதுகாப்புக்காகப் பூசிய வழவழப்பான கருப்புப் பரப்பு கிடைத்ததும், அதன்மேல் ஓவியம் தீட்டும் ஆசை வராமல் இருக்குமா? ஜப்பானில் அதற்கு ஆயிரம் ஆண்டு மரபே காத்திருந்தது.

கனசவாவில் 1896-இல் பிறந்த மத்சுதா கோன்ரொகு என்னும் உருஷிக் கலைஞர் நமிகியோடு இணைந்தார். 1930-இல் இலண்டனின் ஆல்ஃப்ரெட் டன்ஹில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. டன்ஹில்-நமிகி என்ற பெயரில் அந்தப் பேனாக்கள் ஐரோப்பியச் செல்வந்தர்களின் கைக்குப் போயின. மறு ஆண்டு மத்சுதாவின் தலைமையில் 'கொக்கோகாய்' என்னும் கலைஞர் குழு உருவானது. நமிகி பேனாக்களில் அந்தக் குழுவின் முத்திரை இன்றும் தொடர்கிறது. மத்சுதாவை 1955-இல் ஜப்பான் அரசு 'வாழும் தேசியச் செல்வம்' என்று கௌரவித்தது. அன்றைய டன்ஹில்-நமிகி பேனா ஒன்று ஏலத்துக்கு வந்தால் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இன்றும் விழித்திருந்து கேட்கிறார்கள்.

அந்த ஓவிய முறைக்குப் பெயர் மகி-எ. தங்கத் தூளைத் தூவி வரைவது. கிட்டே நின்று பார்க்க வேண்டிய வேலை இது. முதலில் செந்நிற உருஷியால் படத்தை வரைகிறார்கள். மயிரிழையாக நீண்ட கோடு இழுக்கும் தூரிகைக்கு எலியின் முதுகு மயிர் வேண்டும். நுனி முறியாத மயிருக்காகப் படகுகளிலும் நாணல் காடுகளிலும் திரிந்த எலிகளைத் தேடியிருக்கிறார்கள். உருஷி பூசும் தட்டைத் தூரிகைக்கோ மனிதத் தலைமுடி. பென்சிலில் கரி ஓடுவதுபோல மரப்பட்டைகளுக்கு நடுவே முடி முழு நீளத்துக்கும் ஓடும். தேய்ந்தால் நுனியைச் சீவிப் புது முடியை வெளியே கொண்டுவருவார்கள்.

வரைந்த கோடு ஈரமாக இருக்கும்போதே, ஒரு முனையில் பட்டுத்துணி கட்டிய சிறு குழாயில் தங்கத் தூளை இட்டு, விரலால் தட்டித் தட்டித் தூவுகிறார்கள். ஈரம் இருக்கும் இடத்தில் தூள் ஒட்டும். பிறகு முரோ. வெளியே எடுத்து, தூளின்மேல் மறுபடி உருஷி. மறுபடி முரோ. அதன்பின் கரித்துண்டால் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்கள். தோகிதாஷி என்னும் வகையில் படத்தையே கருப்பு உருஷியால் முழுக்க மூடிவிட்டு, படம் மீண்டும் எட்டிப் பார்க்கும்வரை தேய்ப்பார்கள். ஒரு நொடி கூடுதலாகத் தேய்த்தால் தங்கமும் போய்விடும். உருண்டையான தங்கத் துகள்களின் மேல்பாதி இந்தத் தேய்ப்பில் சீவப்பட்டுத் தட்டையாகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு துகளும் உருஷிக்குள் பாதி புதைந்து ஒரு குட்டிக் கண்ணாடியாக ஒளி காட்டும். அச்சடித்து எடுத்த மலிவான வேலையில் அந்த ஆழம் இருக்காது. கடைசி மெருகு மான்கொம்புப் பொடியால். அதுவும் துணியால் அல்ல, எண்ணெய் தொட்ட விரல் நுனியால்.

இத்தனையும் சொன்ன பிறகு, எனக்குப் பிடித்தது தங்கமே இல்லாத ஒரு வகை என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்ளலாம். தமேநூரி என்பது அதன் பெயர். அடியில் சிவப்பு உருஷி பல பூச்சு. அதன்மேல் நிறமி கலக்காத, தேன்பழுப்பு நிறமான, ஒளி ஊடுருவும் உருஷி சில பூச்சு. தட்டையான இடத்தில் மேல்பூச்சு தடித்து நின்று ஏறக்குறைய கருப்பாகத் தெரியும். மூடியின் விளிம்பிலும் மரைகளின் ஓரத்திலும் பரப்பு இழுவிசையால் பூச்சு மெலிந்துவிடுவதால், அடியிலிருக்கும் சிவப்பு அங்கே கசிந்து தெரியும். சேகரிப்பாளர்கள் விளிம்பைப் பார்ப்பது இதற்குத்தான். அந்தச் சிவப்புக் கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் ஓடினால் பூசியவர் கைதேர்ந்தவர். ஆண்டுகள் செல்லச் செல்ல மேல்பூச்சு இன்னும் தெளிந்து, சிவப்பு மேலே எழுந்து வரும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேனாக்கள் பத்து ஆண்டு கழித்து ஒரே மாதிரி இருக்காது. பிளாட்டினம் பேனா நிறுவனத்தின் அனுபவமிக்க பழைய கைவினைஞர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட நகாயா, இவ்வகைப் பேனாக்களுக்குப் பெயர்பெற்றது.

கருப்பு உருஷியிலும் ஒரு நுட்பம் உண்டு. அதில் கருப்புச் சாயம் இல்லை. பாலில் இரும்பைச் சேர்த்தால், இரும்பு உருஷியாலோடு வினைபுரிந்து மூலக்கூறையே கருப்பாக்கிவிடுகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து எழுதும் மையாவதும் இதற்கு நெருங்கிய வினைதான். சாயத்துகள் இல்லாததால் அந்தக் கருப்பில் பார்வை தடுக்கி நிற்பதில்லை, உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட பேனாவைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். உருஷி கையில் புழங்கப் புழங்க மெருகேறும் பொருள். எழுதுங்கள். எழுதி முடித்ததும் மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். சன்னலோரம் வெயில் விழும் இடத்தில் வைக்காதீர்கள், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் புதிய பேனாவைச் சில வாரங்கள் நிழலில் காற்றாட வைத்துவிட்டுப் பிறகு எழுதுவது நல்லது. பூச்சு பெயர்ந்தாலும் கவலையில்லை. அதன்மேல் உருஷியையே பூசிச் சீர்செய்யலாம்.

கவலை வேறு இடத்தில். உருஷி மரம் பால் தரும் நிலைக்கு வர 10 முதல் 15 ஆண்டு ஆகும். ஜூன் மாதம் தொடங்கி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பட்டையில் கீறல் போட்டு, சொட்டுச் சொட்டாக வழித்தெடுக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் வடித்தால் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம். அத்தோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து புதுத் தளிர் கிளம்ப வேண்டும். ஜப்பானில் பயன்படும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டு உருஷியில் பெரும்பங்கு தருவது இவாதே மாநிலத்தின் ஜோபோஜி பகுதி. தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பட்ட கோயில்களையும் கட்டடங்களையும் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று ஜப்பானின் பண்பாட்டுத் துறை 2015-இல் முடிவெடுத்தது. அந்த உள்நாட்டு உருஷியில் ஆலயத்துக்குப் போனது போக மிஞ்சுவதுதான் கிண்ணத்துக்கும் பேனாவுக்கும்.

பூசும் கைகளுக்கும் அடி விழுந்தது. 2024 ஜனவரி 1 அன்று நோதோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில், உருஷி வேலைக்குப் பெயர்போன வஜிமா நகரின் காலைச்சந்தைத் தெரு எரிந்து சாம்பலானது. பட்டறைகள் பல இடிந்தன. வஜிமா வேலையின் உறுதிக்குக் காரணமான அடிப்பூச்சில், அந்த ஊரில் வெட்டியெடுத்துச் சுட்ட டயாட்டம் மண்ணின் தூளைக் கலக்கிறார்கள். அந்த மண்ணை வேறு ஊருக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகலாம். ஒருவர் அடிப்பூச்சு, ஒருவர் மேல்பூச்சு, ஒருவர் மெருகு, ஒருவர் மகி-எ என்று கைமாற்றிக் கைமாற்றி ஒரே பொருளைச் செய்து முடிக்கும் அந்த அக்கம்பக்கத்தை அப்படி ஏற்றிக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் தற்காலிகப் பட்டறைகள் அதே ஊரில் எழுந்தன; அங்கே பேனாவுக்கும் கிண்ணத்துக்கும் மறுபடி உருஷி பூசுகிறார்கள்.