வாரம் ஒரு தலைப்பு, வீட்டுக்கு ஒரு படம்



உத்திரமேரூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் குடவோலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை அவர்கள் பாடத்திலும் படித்திருக்கிறார்கள், நேரிலும் கண்டிருக்கிறார்கள். முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள் அக்கால ஊரார். ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்றொரு குழுவையும் இம்முறையில் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் குடத்தை எங்கள் பங்கில் வேறொரு நற்காரியத்துக்குக் கடன் வாங்கினோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பின் மிகச் சிறிய பிள்ளை ஒரு மண்குடத்தில் கையை விட்டு ஒரு சீட்டை எடுக்கும். அதில் ஒரு சொல் இருக்கும். ‘நிழல்’, ‘தண்ணீர்’, ‘வழி’, ‘கைகள்’, ‘காத்திருத்தல்’ என்பன போன்ற எளிய சொற்கள். அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு குடும்பமும் அச்சொல்லுக்கு ஏற்ற ஒரு படத்தைத் தேட வேண்டும். கைபேசியில் எடுத்தாலும் சரி, பழைய ஆல்பத்திலிருந்து கொண்டுவந்தாலும் சரி. சொந்தப் படமாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. சனிக்கிழமை மாலை அவை அச்சிடப்பட்டு, கோயில் தாழ்வாரத்துப் பலகையில் இடம்பெறும்.

இது என்ன பொழுதுபோக்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பங்கு மூப்பர்களில் ஒருவரும் கேட்டார். அவருக்கு நான் ஓர் இயேசு சபைத் துறவியின் கதையைச் சொன்னேன்.

அயர்லாந்து நாட்டவரான பிரான்சிஸ் பிரவுன் குருத்துவப் பயிற்சியில் இருந்த காலம். 1912 ஏப்ரல் 10ஆம் நாள் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் டைட்டானிக் கப்பலில் ஏறினார். அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் வரைக்குமே அவரிடம் பயணச்சீட்டு இருந்தது. கப்பலில் பழக்கமான அமெரிக்கத் தம்பதியர், நியூயார்க் வரை செல்லும் செலவைத் தாங்களே ஏற்பதாகக் கூறினர். அவர் தம் சபைத் தலைவரிடம் தந்தி மூலம் அனுமதி கேட்டார். கப்பலைவிட்டு இறங்கிவிடும்படி கண்டிப்பான பதில் வந்தது. மறுநாள் அவர் இறங்கினார். ஏப்ரல் 15ஆம் நாள் அதிகாலையில் கப்பல் கடலில் மூழ்கியது. அதன் மேல்தளத்தையும் பயணிகளையும் அவர் எடுத்திருந்த படங்கள் உலகத்துக்கு எஞ்சின.

கீழ்ப்படிதலைப் பற்றி மறையுரை ஆற்ற இக்கதை நன்கு உதவும். ஆனால் இதன் பிற்பகுதியே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. பின்னர் குருவாகி, வாழ்நாள் முழுவதும் படமெடுத்த அவர் 1960இல் இறந்தார். அவருடைய படச்சுருள்கள் ஒரு பெட்டியில் யாரும் தொடாமல் கிடந்தன. 1985இல் அவருடைய சபைத் துறவி ஒருவர் தற்செயலாக அதைத் திறந்தபோது, ஏறத்தாழ 42,000 படங்கள் உள்ளே இருந்தன. இருபத்தைந்து ஆண்டுகள் அவற்றைப் பார்ப்பதற்கு ஒரு கண்கூட இல்லை!

நம் கைபேசிகள் இன்று அத்தகைய பெட்டிகளாக இருக்கவில்லையா? வேளாங்கண்ணி சென்றோம், எடுத்தோம். ஏற்காடு சென்றோம், எடுத்தோம். பேரப்பிள்ளையின் முதல் நன்மையன்று நூறு படம் எடுத்தோம். அவற்றுள் எதையேனும் குடும்பமாக அமர்ந்து பார்த்தோமா? எடுத்த படத்தை மற்றவரோடு பகிர்ந்து, அதைப் பற்றி நான்கு வார்த்தை பேசும்போதுதான் அந்தப் பயணம் நிறைவுபெறுகிறது.

‘வழி’ என்ற சொல் வந்த வாரம் இதைக் கண்டோம். பெரும்பாலோர் வேளாங்கண்ணிப் பேராலயத்தின் முன் வரிசையாக நின்ற படங்களையே கொண்டுவந்தார்கள். ஒரு முதியவர் மட்டும், பாதயாத்திரை சென்றபோது தம் மகன் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தார். அதில் ஆலயமும் இல்லை, முகமும் இல்லை. தார்ச்சாலையில் நடக்கும் வெறும் பாதங்கள், ஒரு காலில் துணிக்கட்டு. பலகையின் முன் நின்றவர்கள் அன்று அந்தப் படத்தைவிட்டு எளிதில் நகரவில்லை. யாருடைய கால், எந்த ஊரில் புண்பட்டது, யார் கட்டுப்போட்டது என்று பேச்சு வளர்ந்து, திருப்பலிக்கு மணியடிக்கும்வரை நீண்டது.

வாராவாரம் செய்வதில் ஒரு நன்மை உண்டு, கண் பழகுகிறது. ‘நிழல்’ என்ற சொல் வந்தபோது, உச்சிவெயிலில் எடுத்தால் முகம் கறுத்துவிடுவதையும், காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் ஒளியில் களத்துமேட்டு வைக்கோற்போர்கூட அழகுபெறுவதையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொண்டார்கள்.

விடாமுயற்சிக்கு நம் தமிழகத்திலேயே ஓர் உயர்ந்த முன்மாதிரி உண்டு. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பதில் பெயர்பெற்றவர். 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, இரு வாரங்களுக்கு ஒருமுறையாக, அவர் மறைந்த 1996 பிப்ரவரி வரை தொடர்ந்து வெளிவந்தது. யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். ஊருக்குள்ளேயே பார்க்க வேண்டியவை தீராமல் இருந்தன அவருக்கு.

இனி, நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

தொடக்கத்தில், ஊக்கம் பெருகட்டும் என்று எண்ணி, சிறந்த படத்துக்கு ஓர் எவர்சில்வர் பாத்திரம் பரிசென்று அறிவித்தேன். ‘கூடு’ என்ற சொல் வந்த வாரம், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கொணர்ந்த படத்தைக் கண்டு அனைவரும் வியந்தோம். வக்கா என்னும் நீர்ப்பறவையின் கூடு. உள்ளே நீலம் கலந்த பச்சை நிறத்தில் மூன்று முட்டைகள், கைக்கெட்டும் தூரத்தில் தெளிவாகத் தெரிந்தன. தயக்கமின்றி அதற்கே பரிசளித்தேன். கைதட்டல் ஓய்ந்த பின், ஏரிப்பக்கம் மாடு மேய்க்கும் பாட்டி ஒருவர் என்னிடம் மெல்லக் கேட்டார்:

“படம் நல்லாத்தான் இருக்கு சாமி. அந்தக் கூடு இப்ப எங்க இருக்குன்னு கேட்டீங்களா?”

நான் கேட்கவில்லை. ஏரிக்குள் இருந்த கருவேல மரத்தில் ஏறி, கிளையை வளைத்துப் பிடித்து அவன் படமெடுத்திருக்கிறான். தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டது. காக்கைகள் வந்தன. மறுநாள் பாட்டி பார்த்தபோது கூட்டில் ஒன்றும் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு, பையன்மீது குற்றம் இல்லை, பரிசைக் காட்டி அவனை மரமேற்றியவன் நானே என்று மக்கள் முன்னிலையில் சொன்னேன். அத்தோடு பரிசும் நின்றது. கூட்டையும் குஞ்சையும் நெருங்கி எடுத்த படம் பலகையில் ஏறாது என்ற விதியும் வந்தது.

நமக்கு அருகிலேயே இருக்கும் வேடந்தாங்கல் மக்கள் இந்தப் பாடத்தை என்றோ கற்றவர்கள். தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரர்கள் சுட்டபோது முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமைப் பட்டயத்தைப் பெற்றவர்கள் அவ்வூரார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். 1936இல் அது சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் உலகச் சிறப்புடைய ராம்சர் நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்தன. நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அங்கே அச்சமின்றிக் கூடு கட்டுவதற்குக் காரணம், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊரார் விலகி நின்று காத்ததே.

அந்தப் பையன் சில வாரங்கள் பலகைப் பக்கமே வரவில்லை. நானாக அவனை அழைத்து, இளையோர் சிலருடன் வேடந்தாங்கலுக்குக் கூட்டிச்சென்றேன். கரையில் நின்று, தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தான். கைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

பின்னொரு வாரம் குடத்திலிருந்து ‘தூரம்’ என்ற சொல் வந்தது. சனிக்கிழமை மாலை பங்குமனைக்கு வந்து ஒரு படத்தை நீட்டினான். எங்கள் ஏரியைக் கரையிலிருந்து எடுத்த படம். விரிந்த நீர்ப்பரப்பு, அக்கரையில் அதே கருவேல மரங்கள், அவற்றின்மேல் வெண்புள்ளிகளாய்ச் சில பறவைகள்.

“எத்தனைன்னு தெரியுதா சாமி? பதினொண்ணு. நான் எண்ணிட்டேன்” என்றான்.

அந்தப் படத்தைப் பலகையின் நடுவில் நானே குத்திவைத்தேன். மாடு மேய்க்கும் பாட்டி மறுநாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்து, விரல்விட்டு எண்ணினார். கணக்குச் சரியாக வந்ததும் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அன்பர்களே, இம்முயற்சியை உங்கள் இல்லத்திலேயே தொடங்கலாம். ஒரு செம்பும் சில காகிதத் துண்டுகளும் போதும். வீட்டின் கடைக்குட்டி சீட்டை எடுக்கட்டும். வார இறுதியில் இரவுணவுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் தம் படத்தைக் காட்டி, ஏன் அதை எடுத்தார் என்று சொல்லட்டும். கைபேசி இல்லாத தாத்தா, தாம் கண்டதை வாயால் சொல்லட்டும். வெற்றியும் வேண்டாம், தோல்வியும் வேண்டாம். அடுத்த வாரத்துக்கான சீட்டைக் குடத்தில் எழுதிப்போட மட்டும் மறவாதீர்கள்.