எல்லைக்கோடும் கொல்லிப்பாவையும்

நாட்டின் எல்லையை வகுப்பவர் ஆள்வோர். அவ்வெல்லையின் இருமருங்கும் வாழும் மக்களின் இன்பதுன்பங்களை எடுத்துக்காட்டுவோர் கலைஞர். 1937-இல் அலிகரில் பிறந்த சரீனா ஹாஷ்மி என்னும் கலைச்செல்வியார், 1947-இல் நிகழ்ந்த பிரிவினையைக் கண்டவர். பிற்காலத்தில் அவர்தம் குடும்பத்தார் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தனர். 2001-இல் அவர் மரத்தில் செதுக்கித் தாளில் அச்சிட்ட ஓவியம் ஒன்று, அவ்விரு நாடுகளின் எல்லையைத் தடித்த கருங்கோடாகக் காட்டுகிறது. கோடு ஒன்றுதான், அது பிரித்த குடும்பங்களோ எண்ணில!

எல்லையையும் கலையையும் ஒருங்கே நினைவூட்டும் இடம் ஒன்று தமிழகத்திலும் உண்டு. அதுவே நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்து அம்மலைமேல் ஏறுகிறது. சாலையில்லாப் பண்டை நாளில் சமவெளி வேந்தரின் ஆணை அங்கு எளிதில் ஏறியிருக்குமோ?

அம்மலைக்குத் தலைவனாய் விளங்கியவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். பலாவும் தேனும் மலிந்த அவன் மலையைப் பிறர் விரும்பினர். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் எனச் சங்கப் பாடல் கூறுகிறது. மலை கைம்மாறியது, ஆயின், அங்கிருந்த கொல்லிப்பாவையின் புகழ் மாறவில்லை.

கொல்லிப்பாவை என்பது தெய்வத்தால் ஆக்கப்பட்டதாகப் புலவர் போற்றிய பெண்ணுருவம். காற்று மோதினும், இடி வீழினும், நிலமே நடுங்கினும் அதன் எழில் குன்றாது என்பது பரணர் கருத்து. தீய எண்ணத்தோடு வருவோரை அது நகைத்து மயக்கிக் கொல்லும் என்று கதையும் வழங்குகிறது. வில்லும் வேலும் காவாத மலையை ஒரு கலையுருவம் காப்பதாக மக்கள் நம்பினர். தம் மண்மீது அவர்கள் கொண்ட பற்றே அங்ஙனம் பாவையாய் உருப்பெற்றது எனலாம்.

இன்று அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. மொழி தமிழே, வழக்கங்களோ தனித்தன்மை வாய்ந்தவை. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல்தான் பிறந்தது. இடையே கழிந்தவை 124 ஆண்டுகள்!

ஆள்வோர் மாறுவர், எல்லைகளும் மாறும். மண்ணில் வாழ்வோரின் உரிமையை மதிப்பதே நல்லாட்சி. அவ்வுரிமையை உலகம் மறவாதபடி காப்பது கலை.